காய்ச்சல் வராத டீச்சர்

அவையைக் கட்டியாளும் தலைவர் அவர்களே! அறிவூட்டும் ஆசிரியப் பெருமக்களே! அடுப்பை அணைத்துவிட்டு அரக்கப்பரக்க ஓடிவந்த அன்னையரே! அவசரமென்றால் நழுவலாம் என்று வாசலோரமாகவே நிற்கும் தந்தையரே! கடைசி வரிசையில் இருந்துகொண்டு முன்வரிசையைக் கிண்டலடிக்கும் என் கூட்டாளிகளே! இப்பள்ளியின் பழைய மாணவன், பஸ் பட்டறையில் தொழில் பழகுபவன், கையில் கிரீஸ் கறையோடு உங்களை வணங்குகிறேன்.

இன்று இங்கே ஒரே கேள்வி. வளரும் பிள்ளைகளுக்கு உடலைப் பற்றிச் சொல்லித்தரும் வகுப்பு நீடிக்கவேண்டுமா, நிற்கவேண்டுமா? கூட்டம் முடியும்போது கைதூக்கி நீங்கள் முடிவு சொல்லப்போகிறீர்கள். நிறுத்தச் சொன்னவர்கள் பேசிவிட்டார்கள். நீடிக்கச் சொல்ல நான் வந்திருக்கிறேன்.

நான் படித்தபோது இங்கே ஒரு வழக்கம். அறிவியல் புத்தகத்தில் இனப்பெருக்கப் பாடம் வரும். வந்ததும் அறிவியல் டீச்சருக்குக் காய்ச்சல் வரும்! மழைக்கு வராத காய்ச்சல், பனிக்கு வராத காய்ச்சல், பாடத்துக்கு வரும்! டீச்சருக்குப் பதில் யார் வருவார்? விளையாட்டு ஆசிரியர், நம் விசில் சார் வருவார். "புத்தகத்தை மூடுங்கடா, பந்தை எடுங்கடா!" முடிந்தது பாடம். பெரியோர்களே, இந்தப் பள்ளியில் நான் கற்ற இனப்பெருக்கம் மொத்தம் மூன்று கோல்!

என்ன விசில் சார்? அதில் ஒன்று ஆஃப்சைடா? சரி, இரண்டு கோல்!

பெண்பிள்ளைகளுக்கோ பந்தும் இல்லை. மரத்தடியில் உட்கார்ந்து எங்களுக்குக் கைதட்டினார்கள்.

சிரித்தது போதும். ஒரு மாலை. மணி அடித்தும் என் தங்கை பெஞ்சை விட்டு எழவில்லை. கூட்டிப்போகச் சென்ற என்னிடம் சொன்னாள்: "அண்ணா, உள்ள என்னமோ கிழிஞ்சிடுச்சு. ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. நான் செத்துப்போயிடுவேன். அம்மாகிட்ட சொல்லாத, அழுவாங்க."

கோல் அடித்த அண்ணன் என்ன செய்தேன்? மருந்துக்கடைக்கு ஓடினேன். காயத்துக்குக் கட்டுத்துணி கேட்டேன்!

"எங்கடா அடி?"

"அடியெல்லாம் படலண்ணே. தங்கச்சி சும்மா உக்காந்திருந்தா, தானாவே..."

கடைக்காரர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கினார். "பயப்படாத. இது நோயில்லடா. உங்க ஸ்கூல்ல இதெல்லாம் சொல்லித்தர மாட்டாங்களா?" என்றவர், ஒரு பாக்கெட்டைச் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, ஏதோ கடத்தல் சரக்கைப் போலக் கையில் திணித்தார்.

சாவுக்குத் தயாராகிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாளே ஒரு குழந்தை, யார் குற்றம்? டீச்சரா? அவர் படித்த இடத்திலும் அந்தப் பாடத்தன்று யாருக்கோ காய்ச்சல் வந்திருக்கும்! நீந்தத் தெரியாதவரிடம் நீச்சல் கற்றுக்கொடு என்பது எந்த ஊர் நியாயம்? சுவருக்குச் சாயம் பூசினோம், வாசலுக்கு வளைவு கட்டினோம். ஆசிரியருக்கு என்ன கற்றுக்கொடுத்தோம்? சுவர் பாடம் நடத்துமா? வளைவு வாய்திறக்குமா?

போன விடுமுறையில்தான் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வந்தது. நடத்த வந்தவர் ஒரு நர்ஸ் அக்கா. உறுப்புகளின் பெயரை ஒவ்வொருவரும் உரக்கச் சொல்லவேண்டும் என்றாராம். அறை முழுக்க இருமல்! நம் டீச்சர் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்துச் சொன்னாராம். "ஃபேனுக்கு எல்லாம் தெரியும் டீச்சர், எங்களைப் பாத்துச் சொல்லுங்க!" என்றாராம் நர்ஸ் அக்கா. அன்று சிரித்த சிரிப்பில் பாதி வெட்கம் செத்தது என்கிறார், கூடவே பயிற்சி எடுத்த விசில் சார்.

இந்த ஆண்டு அந்தப் பாடம் வந்தது. என் தங்கை அந்த வகுப்பில்தான் இருந்தாள். பையன்கள் வழக்கம்போல் பந்தோடு காத்திருந்தார்கள். வந்தது டீச்சர்! "பந்தை மூலையில வை. யாரும் வெளிய போகவேணாம், எல்லாரும் சேந்தே படிக்கலாம்."

ஒருவன் எழுந்தானாம். "டீச்சர், பொண்ணு வேணாம்னா, வெக்கத்துல சொல்றான்னுதானே சினிமாப் படத்துல காட்டுறாங்க?"

"படம் எடுத்தவருக்கும் அன்னிக்கு டீச்சர் லீவு போல. வேணாம்னா வேணாம்தான். உக்காரு."

என்ன ஐயா அங்கே? "பிள்ளைங்க கெட்டுப்போயிடும் தம்பி"யா? தெரிந்துகொண்டதால் கெட்ட பிள்ளையைக் காட்டுங்கள், நான் மேடையை விட்டு இறங்குகிறேன். தெரியாமல் தவித்த பிள்ளையை நான் காட்டுகிறேன். இதோ, மூன்றாம் வரிசையில் தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறாள். "என் கதையைச் சொல்லு, பேரு கெட்டா கெடட்டும்" என்று என்னை அனுப்பியதே அவள்தான்!

டீச்சர், நெற்றியைத் தொட்டுப் பாருங்கள். காய்ச்சல் இல்லையே? பெற்றோர்களே, அந்தக் காய்ச்சல் இன்று உங்களுக்கு வந்துவிடக்கூடாது! பந்தை யாரும் பறிக்கவில்லை. விளையாட்டு நேரத்தில் பந்து, பாட நேரத்தில் பாடம். இனி மரத்தடியில் யாரும் உட்கார்ந்து கைதட்ட வேண்டாம், பெண்பிள்ளைகளும் ஆடட்டும்!

பொறுமையாகக் கேட்டீர்கள், வாசலோரத் தந்தையர்கூட நழுவவில்லை, நன்றி. இப்போது தலைவர் கேட்பார். உங்கள் கைகள் உயரட்டும். உயரும்வரை என் கைகள் இப்படியே கூப்பியிருக்கும். வணக்கம்!