படைப்பதற்கு முன்னால் எடுத்தது

"அவ குடுத்த பொங்கலை அவ கண்ணெதிர்லயே சாக்கடையில கொட்டினேன்க்கா."

நான் கையிலிருந்த பத்திரிகையை மடித்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மாலை, ஆவடி போகும் ரயில். சொன்னவள் எதிர் இருக்கையில் இருந்தாள், மடியில் ஒரு பித்தளைத் தூக்கு. பக்கத்தில் அவளைவிடச் சற்று மூத்தவள். இருவரும் அம்பத்தூரில் ஏறியவர்கள்.

"இன்னாத்துக்குடி கொட்டினே?" என்றாள் மூத்தவள்.

"விக்கிரகத்துக்குப் படைச்சதாச்சே. பக்கத்து ஊட்டுக்காரி அவ, பாத்துட்டு உள்ள போய்ட்டா. அடுத்த பொங்கலுக்கு இந்தத் தூக்குல கொண்டாந்தா. 'சாமிக்குப் படைக்கறதுக்கு முன்னாடியே உனுக்கு எடுத்து வெச்சிட்டேன், சாப்புடு'ன்னா. அப்பவும் நா கதவைச் சாத்திகினேன். வாசல்லயே வெச்சிட்டுப் போய்ட்டா. பொங்கலை மாட்டுக்குப் போட்டேன். அந்த மாசமே அவங்க சேக்காட்டுக்கு ஊடு மாத்திகினாங்க. மூணு வருசமா தூக்கு எங்கிட்டயே கீது."

மூத்தவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நா எல்லார் ஊட்லயும் வாங்கித் தின்னுகினுதான் கீறேன். எனுக்குன்னு யாரும் அப்டித் தனியா எடுத்து வெச்சதில்ல. நா வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவன்னே எங்க தெருவுல பாதிப் பேருக்குத் தெரியாது."

பிறகு திரும்பித் தூக்கைப் பார்த்தாள்.

"சேக்காட்டுக்கு வெறுந்தூக்காவா எடுத்துகினு போறே?"

"அதிரசம் கீது." மூடியை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டாள். "நேத்து ஜெபம் பண்றதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சிட்டேன். கதவைத் தொறப்பாளோ என்னமோ."