தையக்கடைக்கு ஒரு மேனேஜர் வேணும்

காவலுக்கெல்லாம் வேணாம்மா. எங்ககிட்ட திருட என்ன இருக்கு, ரெண்டு தையல் மெஷினும் நாலு மூட்டை வெட்டுத்துணியும். நாய் தத்துக் குடுக்கற அந்த ஃபாரத்துல எதுக்குன்னு ஒரு கட்டம் போட்டிருக்கீங்கல்ல, அதுல பேசறதுக்குன்னு எழுதுங்க. சிரிக்காதீங்க, நான் விளையாட்டுக்குச் சொல்லல. என்னது, வீட்ட வந்து பாத்துட்டு மூணு நாள் கழிச்சுத்தான் தருவீங்களா? ஐயோ, அதெல்லாம் ஆகாதும்மா. இன்னிக்கி சாயங்காலத்துக்குள்ள வேணும். நாளைக்கி காலையில அவரு வண்டி ஏறிடுவாரு.

யாரா, எங்க வீட்டுக்காரருதான். தம்பி வீட்டுக்குப் போறாராம், ஒரேயடியா. என்கிட்ட சொன்னாருன்னு நெனைக்காதீங்க. கடையில எனக்கு முதுக காட்டிக்கிட்டு தம்பிகிட்ட போன்ல சொன்னாரு. தெருவுக்கே கேட்டுச்சு, அதுல எனக்கும் கேட்டுச்சு. சட்டை வேட்டிய மட்டும் எடுத்து வச்சிருந்தா நான் கண்டுக்க மாட்டேன், ரெண்டு நாள்ல வந்துருவாருன்னு விட்டுருவேன். மனுசன் பெரிய கத்தரிக்கி எண்ணெய் போட்டு, தொடச்சி, துணியில சுத்தி பையில வச்சிட்டாரு. தையக்காரன் கத்தரிய எடுத்துட்டா அப்புறம் என்ன இருக்கு சொல்லுங்க.

நானும் அவரும் பேசி ஒம்பது வருசமாச்சு. அட, அப்படி பாக்காதீங்க. ஒரே கடை, ஒரே வீடு, ஒரே சோப்பு. அவரு வெட்டுவாரு, நான் தைப்பேன். நேருக்கு நேரா பேச மாட்டோம், அவ்வளவுதான். எல்லாம் நாய் வழியாத்தான். தெருவுல திரிஞ்ச நாய்தான், ஒரு நாள் மழைக்கி உள்ள வந்து ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்துக்கிச்சு. வேல ஒண்ணும் செய்யாம எல்லாத்தயும் பாத்துக்கிட்டே இருக்குதேன்னு மேனேஜர்னு பேரு வச்சாரு.

எப்படி பேசுவோம்னா, டேய் மேனேஜரு, அந்த நீலச் சட்டைக்கி கை எத்தன இஞ்சுன்னு உங்கப்பாவ கேளும்பேன். அது அவரு பக்கம் திரும்பும். இருபத்தி மூணரைன்னு உங்கம்மாகிட்ட சொல்லும்பாரு. இப்ப என் பக்கம் திரும்பும். அதுக்கு கழுத்து வலிக்காம இருந்ததே பெரிசு. திட்டறதும் அதே வழிதான். உங்கப்பனுக்கு கண்ணாடிய மாத்தச் சொல்லு, இதெல்லாம் ஒரு கோடான்னு நான் சொன்னா, உங்கம்மா தச்ச காலர் ரெண்டும் ரெண்டு வீட்டுக்காரங்க மாதிரி மூஞ்சிய திருப்பிக்கிட்டு நிக்குதுன்னு சொல்லும்பாரு. இத கேக்கறதுக்குன்னே பொத்தான் தைக்க வந்தவங்கல்லாம் அரை மணி நேரம் உக்காந்திருப்பாங்க.

கொஞ்சம் குரல் ஏறினா மேனேஜர் கொட்டாவி விடும். மூக்க நக்கும். மூஞ்சிய அந்தப்பக்கம் திருப்பிக்கும். நான் தூக்கம் வருதுன்னு நெனச்சேன். ஆ, கரெக்டா சொல்லிட்டீங்களே, அது தூக்கம் இல்ல, பதட்டம். உங்களுக்கு படிச்ச படிப்பு, எங்களுக்கு அத கண்டுபிடிக்கவே ரெண்டு வருசம் ஆச்சு. அதுக்கப்புறம் மூணாவது கொட்டாவிக்கி ரெண்டு பேரும் நிறுத்திருவோம். சரி சரி, நான் நிறுத்திட்டேன்னு சொல்லுடாம்பாரு அவரு. இத்தன பெரிய மனுசங்க எங்களுக்கு பஞ்சாயத்து பண்ணியும் நடக்காதத அந்த நாய் வாயத் தெறந்து மூடியே நடத்திக்காட்டுச்சு.

போன மாசம் போயிருச்சும்மா. வயசாயிருச்சு, வேறொண்ணும் இல்ல. என் மெஷினுக்கு அடியிலதான் படுத்திருந்துச்சு. நான் ஒரு பேன்ட்டோட ரெண்டு காலயும் தச்சி முடிச்சிட்டு, எந்திரிடான்னு கால்ல தட்டினா எந்திரிக்கல. நான் அழுதேன். அவரும் அழுதாரு. ஆளுக்கொரு மூலையில. போய் அவரு தோளத் தொட்டிருக்கலாம், தொடல.

அன்னிலேருந்து கடையில மெஷின் சத்தத்த தவிர வேற சத்தம் இல்ல. போன வாரம் என்னாச்சுன்னா, ரெண்டு சாம்பல் கலர் பேன்ட்டு வந்து கெடக்கு. ஒண்ணு பேங்க் காவலாளியோடது, ஆறடி ஆளு, அதுல இடுப்பு மட்டும் பிரிச்சி விடணும். இன்னொண்ணு மருந்துக்கடைக்காரரோடது, அவரு குள்ளம், அதுல நாலு இஞ்சு கொறைக்கணும். துண்டுச்சீட்டு எங்கயோ பறந்துபோச்சு. எது யாரோடதுன்னு கேக்கணும், யார கேக்கறது? அண்ணாந்து ஃபேன பாத்து கேட்டேன். ஃபேன் அது பாட்டுக்கு சுத்துது. துணி மாட்டற பொம்மைகிட்ட கேட்டேன், அதுக்கு தலையே கெடையாது. சரின்னு ஒண்ண எடுத்து வெட்டினேன். நான் வெட்டறத அவரு பாத்துக்கிட்டே இருந்தாரும்மா, வாயத் தெறக்கல. காவலாளி வந்து போட்டுப்பாத்தாரு. ஆத்துல எறங்கப் போற மாதிரி நின்னாரு பாவம்.

நேரா பேசிட்டா என்னன்னு கேக்கறீங்க. நல்லா கேட்டீங்க போங்க. ஒம்பது வருசம் பேசாம இருந்து பாருங்க, மொத வார்த்தையா எத எடுத்து வைப்பீங்க? சாப்டீங்களான்னா? மனுசன் நெஞ்ச புடிச்சிக்கிட்டு உக்காந்துருவாரு. எழுதிக் குடுக்கலாம்ல, அதயும் யோசிச்சேன். எழுதினா பேப்பர் அப்படியே கெடக்கும்மா, எடுத்து எடுத்து படிப்பாங்க. நாய்கிட்ட சொன்னா சொன்னதோட சரி, கேட்டவரு கேட்டுக்கலாம், கேக்காத மாதிரியும் இருந்துக்கலாம். அதுல ஒரு மரியாதை இருக்கு.

சரி, காட்டுங்க பாப்போம். இதுவா? குட்டி வேணாம்மா. ஒரு சேதிய பாதி சொல்றதுக்குள்ள செருப்ப தூக்கிட்டு ஓடிரும். அந்தக் கறுப்பு? அப்பப்பா, என்னா கத்து, நமக்கு பேசவே சான்ஸ் குடுக்காது போலிருக்கே. வால ஆட்டுதேன்னு சந்தோசம்னு நெனைக்கக் கூடாதுங்க, பாருங்க, வாலு மேல வெறப்பா நின்னுக்கிட்டு துடிக்குது. அது என்கூட வர்ற மூடுல இல்ல.

பூனையா? வேணாம். வேணாம்மா, மூடுங்க அந்தக் கூண்ட. பயமெல்லாம் இல்ல. பூனைகிட்ட சேதி சொல்லி அனுப்ப முடியாது, பாதியில எந்திரிச்சி போயிரும். அதுவுமில்லாம, பூனையாலதான் எங்களுக்குள்ள பேச்சே நின்னுச்சு.

எங்க கடையில ஒரு வெள்ளப் பூனை இருந்துச்சு, முதலாளின்னு பேரு. முதலாளி போயி அப்புறம் மேனேஜர் வந்துச்சு. எப்பவும் நாங்க ரெண்டு பேரும் கூலிதான். வெட்ட துணிய விரிச்சாருன்னா போதும், நடுவுல வந்து படுத்துக்கும். இவரு அத எழுப்ப மாட்டாரு. அதச் சுத்தி சாக்பீஸ்ல கோடு போட்டுட்டு அது எந்திரிக்கறவரைக்கும் டீ குடிச்சிக்கிட்டு காத்துக்கிட்டிருப்பாரு. அது அவர பாத்து மெதுவா கண்ண மூடித் தெறக்கும். பூனை அப்படி பண்ணினா நம்மள நம்புதுன்னு அர்த்தமாம், எங்கயோ படிச்சிட்டாரு. அதுலேருந்து இவரும் அத பாத்து மூடி மூடித் தெறப்பாரு. கல்யாணம் பண்ணி இத்தன வருசத்துல என்னப் பாத்து ஒரு தடவ அப்படி பண்ணியிருப்பாரா? கண்ணுல தூசி விழுந்தப்ப பண்ணினாரு.

ஒரு நாள் மத்தியானம் பூனைய காணோம். பின்கதவு ஆன்னு தெறந்து கெடக்கு. யாரு தாழ்ப்பா போடலன்னு நான் கேட்டேன். நான் போட்டேனேன்னாரு. அப்ப நான் போடலயான்னேன். நான் அப்படி சொல்லலன்னாரு. அதுலேருந்து அவரு எங்கம்மா வரைக்கும் போனாரு, நான் அவங்க பாட்டன் வரைக்கும் போனேன். அவ்வளவுதான், மறுநாளே பேச்சு நின்னுச்சு. மனுசன் ஒரு வருசம் தெருத்தெருவா தேடினாரு. இன்னிக்கும் பின்வாசல்ல ஒரு கிண்ணத்துல பால் வைக்கறாரும்மா. அக்கம்பக்கத்து பூனையெல்லாம் குடிச்சி குடிச்சி நடக்க முடியாம உருளுதுங்க.

இல்ல, அவர போகாதீங்கன்னு சொல்றதுக்காக நான் நாய் கேக்கல. போறதுன்னா போகட்டும், அவரு இஷ்டம். ஆனா ஒரு பதில் பாக்கி இருக்கு. அத கேக்காம போகக்கூடாது.

மேனேஜர் போறதுக்கு நாலு நாள் முன்னாடி, அவரு சாக்பீச கீழ வச்சாரு. டேய், உங்கம்மாகிட்ட சொல்லு, நல்லா யோசிச்சி பாத்துட்டேன், அன்னிக்கி தாழ்ப்பா போடாதது நானாத்தான் இருக்கும், வயசாகுது, மனசுல வச்சிக்க வேணாம்னு சொல்லுன்னாரு. மேனேஜர் என் பக்கம் திரும்புச்சு. நான் ஊசியில நூல் கோத்துக்கிட்டிருந்தேன். கோத்துக்கிட்டே இருந்தேன். நூல் உள்ள போயி எவ்வளவோ நேரமாச்சு, இன்னும் கோத்துக்கிட்டே இருந்தேன். நாய் என்னயே பாத்துச்சு. ஒருத்தரும் சத்தம் போடல, ஆனா கொட்டாவி விட்டுச்சு. அவரு கொஞ்ச நேரம் பாத்துட்டு சாக்பீச எடுத்துக்கிட்டாரு. அப்புறம் நாயும் போச்சு. நான் மன்னிக்க மாட்டேங்கறேன்னு நெனச்சிக்கிட்டுத்தான் இப்ப கெளம்பறாரு.

மன்னிக்கறதுக்கு என்னம்மா இருக்கு. அவரு தாழ்ப்பா போட்டுத்தான் இருந்தாரு. நாந்தான் தெறந்தேன். ஒருத்தருக்கு கறுப்பு கோட்டு குடுக்கணும், ஆள் வர்ற நேரம், கோட்டு முழுக்க வெள்ள முடி. வந்த கோவத்துல பூனைய தூக்கி வெளிய போட்டுட்டு தாழ்ப்பாள போட்டேன். அது கதவ சொரண்டுச்சு. கேக்கக் கூடாதுன்னு மெஷின வேகமா மிதிச்சேன். கோட்ட முடிச்சிட்டு கதவத் தெறந்து பாத்தா இல்ல. அவரு வந்து கேக்கறதுக்குள்ள நான் முந்திக்கிட்டு கேட்டுட்டேன்.

இத மேனேஜர்கிட்ட எத்தனயோ தடவ சொல்லியிருக்கேன், அவரு கடையில இல்லாதப்ப. அவரு உக்காந்திருக்கும்போது ஒரு தடவ சொல்லணும், அவ்வளவுதான்.

என்னம்மா பேனாவ வச்சிட்டீங்க? எது, அந்தக் கடைசி கூண்டுலயா? வெளிய கொண்டாங்க பாப்போம். அடடே, மூஞ்சியெல்லாம் நரைச்சிருச்சே. அமைதியா உக்காந்துக்குது. இன்னிக்கே தர்றீங்களா, நெஜமாவா? நல்லா இருப்பீங்க. என்னது, ரெண்டு காதும் சுத்தமா கேக்காதா? பரவால்லம்மா, கேக்க வேண்டியது அது இல்லயே. கையெழுத்து எங்க போடணும், இங்கயா?