ஆர்டருக்கு முன்பே வந்த சரக்கு

சர்க்கரை கம்மியாக, டிகாஷன் தூக்கலாக என்று நான் வாய் திறப்பதற்கு முன்பே எனக்கு டீ சொல்லிவிட்டீர்கள், மேடம். யாரிடம் விசாரித்தீர்கள்? என் மனைவி மேகலாவிடமா, ஆபீஸிலா? யாராக இருந்தாலும் சரி, நல்ல பழக்கம். எதிரே உட்காரப் போகிறவனைப் பற்றி முன்கூட்டியே ஏதாவது ஒன்று தெரிந்து வைத்துக்கொள்வதுதான் என் தொழிலில் பாதி. இதைக் கற்றுத் தருகிறேன் என்று சென்னையிலிருந்து ஒருவர் எங்கள் கிளப்புக்கு வந்து, காலரில் மைக் குத்திக்கொண்டு நாள் முழுக்கக் கத்திவிட்டுப் போனார். மத்தியானம் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர், கை கழுவப் போகும்போது என்னைப் பார்த்து, "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டார். நாங்கள் இருந்ததே ஆம்பூரில்.

எழுதுகிறவரை நிதானமாக எழுதச் சொல்லுங்கள். எனக்கு அவசரம் இல்லை.

நான் ஷூவுக்குப் போடும் பக்கிள், லேஸ் கோக்கும் ஐலெட் வளையம், ஜிப் சப்ளை செய்கிறவன். ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை என்னைப் போல நூறு பேர் பையைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். எல்லாருடைய பக்கிளும் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது, ஒரே மாதிரிதான் கறுக்கிறது. சரக்கில் வித்தியாசம் இல்லையென்றால் ஆளில்தான் வித்தியாசம் காட்ட வேண்டும். இது அந்தக் கிளப்பில் இருந்த மற்றவர்களுக்குப் புரியவேயில்லை.

கிளப் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஹைவே ஓரத்து ஹோட்டல் ஒன்றில் வாராவாரம் காலையில் கூடுவோம். ஒவ்வொருவரும் எழுந்து தன் தொழிலைப் பற்றி ஒரு நிமிடம் பேச வேண்டும். தலைவர் சுந்தரமூர்த்தி, இன்வெர்ட்டர் பேட்டரி வியாபாரி. கோட்டு போட்டுக்கொண்டு, "வெற்றி என்பது உறவுகளின் பாலம்" என்று ஆரம்பிப்பார். அந்தக் கோட்டு அவர் மச்சான் கல்யாணத்துக்குத் தைத்தது, இப்போது தொப்பையில் பட்டன் மாட்டாது. மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கட்டு கார்டு கொண்டு வந்து சீட்டுக்கட்டு மாதிரி பரிமாறிக்கொள்வார்கள். வீட்டுக்குப் போய் அதை வைத்துக் குழந்தைக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள் என்று நினைக்கிறேன். வேறு எதற்கும் அது உதவி நான் பார்த்ததில்லை. பொங்கலும் வடையும் தின்றுவிட்டு, கை குலுக்கிவிட்டு, அடுத்த வாரமும் அதே பொங்கலுக்கு வருவார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளைகள்மேல் வாத்தியாருக்கு என்ன கோபம் இருக்க முடியும்?

என் முறை வேறு. கல்யாணத்துக்கு ஊரே வரும், யார் முகமும் நினைவில் நிற்காது. ஆஸ்பத்திரி வாசலில் முதலில் வந்து நிற்கிறவன் முகத்தை ஒருத்தரும் மறப்பதில்லை. வேலூரில் ஆபரேஷன் என்றால் ரத்தம் கேட்பார்கள், ஆள் கொண்டு வரச் சொல்வார்கள். எவ்வளவு பெரிய முதலாளியாக இருந்தாலும் அந்த நேரத்தில் செல்போனை வைத்துக்கொண்டு திருதிருவென்று முழிப்பார். அப்போது நான் நாலு பேரோடு போய் இறங்குவேன். என் ரத்தமே ஓ நெகட்டிவ், சுலபத்தில் கிடைக்காத வகை. கடவுள் எனக்கு வேறு முதலீடு எதுவும் கொடுக்கவில்லை.

ஆட்களைத் திரட்ட எனக்கு ஆல்வின் இருந்தான். காட்பாடியில் செல்போன் கடை, சர்ச் வாலிபர் சங்கத்துக்குச் செயலாளர், முப்பது வயதுக்கு மேல் ஆகியும் வாலிபர் சங்கத்தை விடாதவன். யாருக்கு ரத்தம் என்று கேட்காமல் கையை நீட்டுகிற ரகம். அப்படிப்பட்டவர்கள் இருந்தால்தான் நம்மைப் போன்றவர்கள் பிழைக்க முடியும்.

தோல் பதனிடும் ஷாப் முதலாளி ரஷீத் அஹமதுவின் அம்மாவுக்கு இப்படித்தான் ரத்தம் கொடுத்தேன். அந்த அம்மாள் பிழைத்தார். ரஷீத் பாய் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "பிரேம்நாத், இனிமே நீ இந்த வூட்டுப் புள்ளடா" என்று அழுதார். அதற்குப் பிறகு அவர் தம்பி, மாமன், சம்பந்தி என்று அந்தக் குடும்பத்துத் தொழிற்சாலை எல்லாவற்றிலும் என் பக்கிள்தான். ஒவ்வொரு பக்ரீதுக்கும் தன் கையாலேயே எனக்குப் பரிமாறுவார். நான் அவர் அம்மாவுக்காக வந்தேன் என்று அந்த மனிதர் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். நம்பட்டும், யாருக்கு என்ன நஷ்டம்?

இப்போது நவநீதன் சாரிடம் வருகிறேன். ஆம்பூருக்கு வெளியே ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பர்ச்சேஸ் மேனேஜர். அவர் தலையாட்டினால் ஒரு சப்ளையரின் தலையெழுத்தே மாறும். அந்த ஆள் தீபாவளி ஸ்வீட்டைத் திருப்பி அனுப்புவார். டைரி கொடுத்தால் செக்யூரிட்டிக்குக் கொடுத்துவிடுவார். வீடு பள்ளிகொண்டாவில். ஒரு முறை பழத்தட்டோடு அங்கே போனேன். அவர் மனைவி ஹேமலதா கதவைத் திறந்து, "அவருக்கு இதெல்லாம் புடிக்காதுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிச்சிட்டுப் போங்க" என்றார். மோர் நன்றாக இருந்தது. நல்ல பெண்மணி. ஒடுகத்தூருக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு ஸ்கூலில் டீச்சர்.

லஞ்சம் வாங்காதவர்களை எனக்குப் பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். அதை நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறு. ஒவ்வொரு முறை போகும்போதும் அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னா பிரேம்குமார், சாம்பிள் வச்சிட்டுப் போங்க. தேவைப்பட்டா கூப்புடுறேன்" என்பார். "பிரேம்நாத் சார்" என்று திருத்துவேன். "ஆங், சாரி" என்பார். அடுத்த முறை பிரேமானந்த் ஆகிவிடுவேன். ஒரு முறை என்னை நிற்க வைத்துக்கொண்டே ஃபோனில் யாரிடமோ, "ஒண்ணுமில்ல, யாரோ பக்கிள் ஆளு" என்றார். எனக்கு வலித்தது, மேடம். அன்று வீட்டுக்குப் போய் நான் சாப்பிடவில்லை. மனிதர்களோடு பழகுவதையே தொழிலாக வைத்திருக்கிறவனை ஒருத்தர் இத்தனை வருடம் பார்த்துவிட்டு யாரோ என்று சொன்னால், அவன் செய்த வேலைக்கெல்லாம் என்ன அர்த்தம்?

அவர் வீட்டில் ஒரு கஷ்டம் வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அப்பா அம்மா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சுகர் இல்லை, பிரஷர் இல்லை, சளி கூடப் பிடிக்காது போலிருக்கிறது. ரஷீத் பாய் வீட்டில் அம்மாவுக்கு உடம்புக்கு வந்தது, ஆண்டவன் பார்த்து எனக்குச் செய்த உதவி. எல்லா வாடிக்கையாளருக்கும் ஆண்டவனே செய்துகொண்டிருப்பான் என்று எதிர்பார்ப்பது சோம்பேறித்தனம்.

போன வருடம் கிளப்பில் சேவைத் திட்டம் என்று ஏழைப் பிள்ளைகளுக்கு ஷூ கொடுக்கப் பேசினார்கள். எந்த ஸ்கூல் என்ற கேள்வி வந்தது. ஒடுகத்தூர் பக்கம் எனக்குத் தெரிந்த ஸ்கூல் இருக்கிறது என்றேன். சுந்தரமூர்த்திக்கு எந்த ஊராக இருந்தாலும் போட்டோ வந்தால் சரி.

காலையில் போய்ச் சேர்ந்தோம். ஹேமலதா மேடம் என்னை அடையாளம் கண்டுபிடித்துவிட்டார். "மோர் குடிச்சீங்களே, நீங்கதானே?" என்று சிரித்தார். புருஷனைவிட ஞாபகசக்தி அதிகம். கழுத்தில் ஸ்கூல் அடையாள அட்டை தொங்கியது. அதில் ரத்த வகை இருந்தது. ஓ நெகட்டிவ். எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு பொருத்தம் கல்யாண ஜாதகத்தில்கூட அமையாது.

ஷூ கொடுத்து முடித்ததும் போட்டோ எடுக்க ஆரம்பித்தார்கள். யார் நடுவில் நிற்பது என்று பெரிய மனிதர்கள் எல்லாம் இடித்துக்கொண்டார்கள். ஷூ போட்ட பிள்ளைகள் ஓரத்தில், வெயிலில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றன. கிளப் ஆட்கள் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் தலையை நீட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் நான் கட்டடத்துக்குப் பின்னால், புளியமரத்தடியில் நின்றிருந்த ஹேமலதா மேடத்தின் ஸ்கூட்டர் பக்கத்தில் இருந்தேன். நான் இல்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. உறவுகளின் பாலம் அவ்வளவுதான்.

என் எண்ணம் சின்னது. ஸ்கூல் விட்டு வரும் வழியில் ஓர் இறக்கம் இருக்கிறது. அங்கே பிரேக் பிடிக்காது, ஓரத்து மண்ணில் விழுவார். கையோ காலோ முறியும், ஒரு ஆபரேஷன், கொஞ்சம் ரத்தம். மாசக் கணக்கில் மெடிக்கல் லீவு. எத்தனையோ டீச்சர்கள் அதற்காக ஏங்குகிறார்கள். பின்னால் ஒரு டிப்பர் லாரி வரும் என்பது என் திட்டத்தில் இல்லை. அதற்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்?

ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஆல்வின் மூன்று பேரோடு தயாராக இருந்தான். நவநீதன் சார் கம்பெனி ஐ.டி. கார்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார். அவர் கேட்பதற்கு முன்பே, "ரத்தத்தப் பத்தி கவலைப்படாதீங்க சார், ஆளுங்க ரெடி. நானும் அதே குரூப்தான்" என்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பிரேம்நாத்," என்றார். "அவள எப்படியாவது காப்பாத்துங்க பிரேம்நாத்."

சரியான பெயர், இரண்டு முறை. அந்த நேரத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை. ரத்தம் கொடுக்கும் அறையில் படுத்திருந்தபோது என் கண்ணில் தண்ணீர் வந்தது. நர்ஸ் வலிக்கிறதா என்று கேட்டார்.

மறுநாள் ஹேமலதா மேடம் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு சொந்தக்காரன் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் நான் செய்தேன். போஸ்ட்மார்ட்டம் வாசலில் நின்றேன், ஃப்ரீசர் பெட்டி வரவழைத்தேன், பந்தல் போட்டேன், சுடுகாட்டில் நவநீதன் சார் தள்ளாடியபோது நான்தான் பிடித்தேன். கிளப்பிலிருந்து ஒரு மாலை வந்தது, அதில் கிளப் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது. ஒரு வாரம் கழித்து நவநீதன் சார் கம்பெனிக்குத் திரும்பினார். முதல் வேலையாக என் சாம்பிளை எடுத்துப் பார்த்து, "இத்தினி நாளா பாக்காம வுட்டுட்டேன்" என்று சொல்லி ஆர்டர் போட்டார். பக்கிள் நன்றாகத்தான் இருந்தது. நான் மட்டமான சரக்கு விற்கிறவன் இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆல்வினையும் கூப்பிட்டார். அதுதான் என் பிசகு. அவர் நன்றி சொல்லக் கூப்பிடுவார் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். பந்தியில் அவர் ஆல்வின் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்கள்லாம் இல்லன்னா நான் இன்னா பண்ணியிருப்பேன்" என்றார். ஆல்வின் சாம்பாரைப் பிசைந்துகொண்டே சொன்னான்:

"எங்களுக்கு இன்னா இருக்கு சார். அண்ணன்தான் மத்தியானமே ஃபோன் பண்ணி, ஓ நெகட்டிவ் மூணு பேரு வேணும், ஒரு டீச்சருக்குன்னு சொல்லிட்டாரு. இந்த குரூப்பு லேசுல கிடைக்காது பாருங்க. முன்னாடியே சொன்னதாலதான் புடிக்க முடிஞ்சுது."

அவன் என்னைப் புகழ்ந்துதான் சொன்னான். நவநீதன் சார் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை.

"மத்தியானமா?" என்றார். "அவ விழுந்தது சாயங்காலம்."

வாழ்நாள் முழுக்கப் பர்ச்சேஸில் இருந்தவர். ஆர்டர் போடுவதற்கு முன்பே சரக்கு வந்து இறங்கினால் அதில் என்ன இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் எதிர்ப் பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஆல்வினை நான் குறை சொல்ல மாட்டேன். அரிதான வகை என்பதால் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். ஒரு வேலையை எடுத்தால் குறை இல்லாமல் முடித்துக் கொடுப்பது என் வழக்கம். அந்த வழக்கம்தான் என்னை இந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறது. சுந்தரமூர்த்தி மாதிரி அரைகுறையாக இருந்திருந்தால் நான் இன்றைக்கு வெளியே இருந்திருப்பேன்.

நேற்று நீங்கள் நவநீதன் சாரை உள்ளே விட்டீர்கள். அடிப்பார் என்று பயந்து கான்ஸ்டபிள் பக்கத்திலேயே நின்றார். அவர் அடிக்கவில்லை. தாடி வளர்ந்திருந்தது, சட்டை அழுக்கு.

"ஒரு பக்கிளுக்காகவா, பிரேம்நாத்?" என்று கேட்டார்.

"பக்கிளுக்காக இல்ல சார்," என்றேன். "நீங்க என்னை யாரோன்னு சொன்னீங்க."

அவருக்கு அது ஞாபகமே இல்லை. எப்போது, எங்கே என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தார்கள், வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரும் இல்லை, ஃபோனும் இல்லை, நானும் அவரும்தான். நீங்கள் வந்து தோளைத் தொடும்வரை அவர் கண்ணை எடுக்கவில்லை.

சுற்றி வளைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். எழுதிக்கொள்ளுங்கள், மேடம். ஹேமலதாவின் ஸ்கூட்டர் பிரேக்கைக் கெடுத்தது நான்தான். யாரும் தூண்டவில்லை, குடித்திருக்கவில்லை, மனதறிந்து செய்தேன். இதில் கையெழுத்துப் போடுகிறேன். கோர்ட்டிலும் மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த உறவு முறிந்துவிட்டது என்று மட்டும் எழுதாதீர்கள், அது பொய். இந்த ஆம்பூரில் எத்தனையோ சப்ளையர்கள் அவர் மேசைக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள். சாகும்வரை அவர் ஒரு நாள் விடாமல் நினைக்கப் போவது என் ஒருவனைத்தான்.