கிடங்கின் பின்வாசல்

டீ நன்றாக இருக்கிறது ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். எங்கள் ஆபீஸ் மெஷினில் வரும் வெந்நீரைக் குடித்துப் பழகிய வாய்க்கு இதுவே அமிர்தம்.

என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டீர்கள். என் மாமியாருக்கே இன்னும் அதைப் புரியவைக்க முடியவில்லை, இருந்தாலும் உங்களிடம் முயன்று பார்க்கிறேன். கம்ப்யூட்டரிலோ போனிலோ நீங்கள் எழுதுகிற கட்டம் இருக்கிறதல்லவா, எடிட்டர் என்போம், அது வெறும் கடை முகப்பு. சரக்கு அங்கே இருக்காது. பின்னால் ஒரு கிடங்கு இருக்கிறது. இந்த இடத்தில் இதைச் சேர், இங்கிருந்து இதுவரை அகற்று, இப்போது என்ன இருக்கிறது காட்டு என்று முகப்பு கேட்கும், கிடங்கு செய்து கொடுக்கும். எப்படிக் கேட்க வேண்டும், எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று இரண்டுக்கும் நடுவில் ஒரு ஒழுங்கு வகுக்க வேண்டும். அதை வகுத்தவன் நான்.

அந்த ஒழுங்கில் ஒரு விதிதான் முக்கியம். கிடங்கில் எது மாறினாலும் 'மாறிவிட்டது' என்று கிடங்கு குரல் கொடுக்க வேண்டும். குரல் கொடுத்தால்தான் திரையில் தெரியும், அன்டூ அழுத்தினால் பழையது திரும்பி வரும். குரல் கொடுக்காமல் ஒரு சொல்லை மாற்றிவிட்டால், அடுத்த முறை திறக்கும்போது மாறிய சொல்தான் இருக்கும். அன்டூவில் அதற்குத் தடயம் இருக்காது. எழுதியவர் பார்த்துவிட்டு, நான்தான் இப்படி எழுதினேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

அப்படிச் சத்தமில்லாமல் மாற்ற ஒரு பின்வாசல் வைக்கச் சொன்னவர் மேஸ்திரி.

மேஸ்திரி என்பது எங்கள் டீம் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் வந்து நிற்பார், சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்ப்பதுபோல. பெயர் அவருக்கும் தெரியும். ரசிக்கத்தான் செய்தார். நேரில் நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் வீட்டில் எத்தனையோ தடவை கை நனைத்திருக்கிறேன். போதும் போதும் என்று தட்டை மறைத்தாலும் அண்ணி விடமாட்டார். அவர்கள் மகள் என்னைச் சித்தப்பா என்பாள்.

அந்த ஒழுங்கை வகுத்த கூட்டத்தில் இருந்தது மூன்றே பேர். அவர், நான், டெஸ்டிங் பார்க்கிற அக்கா. பெரிய கோப்புகள் திறக்க நேரமாகிறது என்று புகார் வந்திருந்தது. கிடங்கில் இருப்பதை அப்படியே கையில் தூக்கிக் கொடுத்துவிட்டால், குரல் கொடுக்கிற வேலை மிச்சம், வேகம் கூடும் என்று முடிவானது. நான் வேண்டாம் என்றேன், அவர் வை என்றார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

வைத்தோம், வினை வந்தது. ஒரு வக்கீல் அலுவலகம் எங்கள் எடிட்டரில் எழுதிய மனுக்களில் பத்தி பத்தியாகக் காணவில்லை. கூச்சல். முதலாளி எங்களை உட்காரவைத்து, இந்த வாசலைத் திறந்துவிட்டது யார் என்று கேட்டார். நான் மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் ரொம்பப் பொறுமையாக என் பக்கம் திரும்பினார்.

"நான் அப்படிச் சொன்னதா எனக்கு ஞாபகமே இல்லையேப்பா."

ஞாபகமே இல்லையாம். எனக்கு வரவேண்டிய பதவி வேறொருவனுக்குப் போனது. இனிமேல் புதிதாக எதையும் வகுக்க வேண்டாம், இருக்கிற கிடங்கைக் கூட்டிப் பெருக்கினால் போதும் என்று எனக்கு உத்தரவு. நான் மேனேஜர் ஆகப்போகிறேன் என்று என் மனைவி அதற்குள் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஒரு விருந்தில் என் மச்சினன் எல்லார் முன்னாலும் இலேசாகச் சிரித்துக்கொண்டு, "என்ன மச்சான், மேனேஜர் ட்ரீட் எப்ப?" என்றான். நான் சாப்பாட்டைப் பார்த்தபடி குனிந்தே இருந்தேன். அன்றைக்குப் பற்றிக்கொண்ட வயிற்றெரிச்சல் ஐயா, இன்னும் அடங்கவில்லை.

அவர் பாட்டுக்கு வீட்டுக்குப் போனார், தூங்கினார், மறுநாள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, மனசுல வச்சுக்காதேப்பா என்று தோளைத் தட்டினார். அந்தக் கையை அங்கேயே ஒடித்திருக்கலாம். ஆனால் நான் அடிதடி ஆள் இல்லை. விசாரித்துப் பாருங்கள், ஆபீஸில் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை.

ஞாபகம் இல்லை என்றார் அல்லவா. அது உண்மையாகட்டும் என்று நினைத்தேன்.

ஒரு சங்கதி எனக்கு மட்டும்தான் தெரியும். அவருடைய அப்பா கடைசிக் காலத்தில் எல்லாவற்றையும் மறந்துபோனவர். பெற்ற மகனைப் பார்த்து, தம்பி நீங்க யாரு, எந்த ஊரு என்று கேட்டவர். ஒருமுறை காரில் போகும்போது மேஸ்திரி சொன்னார், "வேற எந்த வியாதி வேணா வரட்டும்டா. அது மட்டும் எனக்கு வரக்கூடாது."

எங்கள் எல்லாருடைய குறிப்புகளும் எங்கள் எடிட்டரில்தான் இருக்கும், எழுத்து முழுக்க எங்கள் சர்வரில் உட்கார்ந்திருக்கும். மற்றவர்களுக்குப் பின்வாசலை அடைத்தாயிற்று. அடைத்தவன் நான்தான், சாவியும் என்னிடம்தான். சின்னதாகத் தொடங்கினேன். செவ்வாய்க்கிழமைக் கூட்டம் புதன் ஆனது. முடித்துவிட்டேன் என்று எழுதிய வேலை, முடிக்க வேண்டும் என்று ஆனது. ஆள் இல்லாத அறையில் அவர் தனியாக உட்கார்ந்து காத்திருப்பதைக் கண்ணாடி வழியே பார்ப்பேன். வெளியே வந்து உட்கார்ந்து அன்டூவை அழுத்தி அழுத்திப் பார்ப்பார். எதுவும் திரும்பி வராது.

மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டிய நேரத்தை ஒருநாள் தள்ளிப்போட்டேன். குழந்தை பள்ளி வாசலில் அழுதுகொண்டு நின்றிருக்கிறாள். அவர் மேசையில் தலை கவிழ்த்து அழுதார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். சந்தோஷமாக இருந்தது ஐயா, உங்களிடம் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

அண்ணி போன் செய்தார். "தம்பி, சாவியை எங்க வச்சோம்ங்கறதைக்கூட என்னைத்தான் கேக்கறாரு. தன்மேல நம்பிக்கையே போயிடுச்சு அவருக்கு. உங்க பேச்சைத்தான் கேப்பாரு, கொஞ்சம் வந்து பேசுங்களேன்."

போனேன். டாக்டரிடம் கூட்டிப்போனதும் நான்தான், காரை ஓட்டியதும் நான்தான். அதற்குள் அவர் கார் ஓட்டுவதை விட்டிருந்தார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. டாக்டர் நல்ல மனிதர், அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "எதையும் மனசுல வச்சுக்க வேண்டாம். எல்லாத்தையும் எழுதி வைங்க. சந்தேகம் வந்தா, எழுதி வச்சதை நம்புங்க."

எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. திரும்பி வரும்போது மேஸ்திரி போனில் எங்கள் எடிட்டரைத் திறந்து, நாம கட்டினதுப்பா இது, இதை நம்பாம வேற எதை நம்பறது என்றார். கொஞ்ச நாளில் ராஜினாமாவையும் எழுதிக்கொடுத்துவிட்டார். முதலாளி அவர் இடத்தை எனக்குக் கொடுத்தார். அண்ணி கேசரி செய்து அனுப்பியிருந்தார்.

இங்கேயே நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் அன்றைக்கும் என்னிடம் ஒன்றும் ஒப்புக்கொள்ளவில்லையே. ஆமாப்பா, நான்தான் வைக்கச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை. அதற்குத்தான் வாரம் தவறாமல் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, அந்தக் கூட்டம் ஞாபகம் இருக்கா அண்ணே என்று கேட்பேன். எல்லாம் மறந்த மனிதர், அதை மட்டும் யோசித்துப் பார்த்து இல்லை என்பார்.

அவர் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்பவர். காலையில் போட்டதும், ஊசி போட்டாச்சு என்று எழுதி வைப்பார். அந்த வரியை எடுத்தேன். அவ்வளவுதான். மறுபடி பார்த்திருக்கிறார், வரி இல்லை, போட்டுக்கொண்டிருக்கிறார். மறுபடி எழுதினார், அதையும் எடுத்தேன். மூன்றாவது தடவையும் எடுத்தேன். அண்ணி வேலைக்குப் போயிருந்தார். திரும்பி வரும்போது அவர் சமையலறைத் தரையில் உயிரில்லாமல் கிடந்தார்.

அண்ணியை நான் கணக்கில் எடுக்காததுதான் தப்பு. அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. காலையில் மேஸ்திரி ஊசி போட்டதையும் அந்த வரியைத் தட்டியதையும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். போனில் வரி இல்லை என்றதும், என் கண்ணு பொய் சொல்லாது என்று சொல்லி, நேராக டெஸ்டிங் அக்காவிடம் போனைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். பின்வாசல் வழியாக யார் வந்து போனது என்று அக்கா சர்வர் பதிவேட்டில் ஒரே மாலையில் பார்த்துவிட்டார். கெட்டிக்காரர்.

ஆமாம் ஐயா, நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் நீங்கள் கடைசியாகச் சொல்வதை மட்டும் எழுதாதீர்கள். அந்தக் கூட்டத்தில் மேஸ்திரிதான் இரண்டு தடவை வேண்டாம் என்றாராம். வேகம் குறைந்தாலும் பரவாயில்லை, சொல்லாமல் எதுவும் மாறக்கூடாது என்றாராம். பிடிவாதம் பிடித்தது நானாம், அவர் மற்ற வேலைக்குப் போன பிறகு வாசலை வைத்ததும் நானாம். அக்கா அப்படிச் சொல்லியிருந்தால், எனக்கு அவர்மேல் கோபமில்லை. பாவம், வேலைச் சுமை, அவருக்கும் வயதாகிறது. நான் சொன்னேன் என்று அன்பாகச் சொல்லுங்கள், எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், எல்லாவற்றையும் எழுதி வைக்கட்டும்.