மணியின் நாக்கு

நோரீன்: இந்தக் கூட்டத்துல யார் யார் இருக்காங்கன்னு முதல்ல எழுதணும். பள்ளிக்கூட ஆசிரியை கார்லா பெக்ஸ்ட்ராம். மாவட்டத்துலேர்ந்து வந்த சிறப்புக் கல்வி ஆசிரியை நோரீன் டில்லன், அதாவது நான். மாணவி மார்ட்டாவோட தாத்தா ஆர்வில் ஸ்டென்ருட்...

ஆர்வில்: பள்ளிக்கூடக் குழுத் தலைவர்னு சேர்த்துக்குங்க.

நோரீன்: அது இந்தக் கூட்டத்துக்கு...

ஆர்வில்: இருபத்திரண்டு வருஷம்மா. எழுதுங்க.

கார்லா: எழுதிடுங்க நோரீன். இல்லேன்னா பனி கொட்டறதுக்குள்ள வீடு போய்ச் சேர மாட்டோம். காலுக்கு என்ன ஆர்வில்? நொண்டறீங்க.

ஆர்வில்: பசு உதைச்சிடுச்சு.

கார்லா: எந்தப் பசு?

ஆர்வில்: எதுன்னா... அந்தச் சிவப்பு.

கார்லா: உங்க மந்தை முழுக்கக் கறுப்புதானே?

ஆர்வில்: நீங்க டீச்சரா, மாட்டு டாக்டரா?

நோரீன்: விஷயத்துக்கு வரலாமா? மார்ட்டாவுக்கு ஒன்பது வயசு. ஆட்டிசம். கணக்குல கெட்டி. எழுதறதுக்கு மட்டும் மத்தவங்களைவிட நேரம் வேணும். சத்தம்தான் ஆகாது.

ஆர்வில்: அந்த வார்த்தை இல்லாம எழுத முடியாதா? எங்க குடும்பத்துல யாருக்கும் அப்படி ஒரு பேர் கிடையாது.

கார்லா: உங்க அண்ணன் நாற்பது வருஷமா ஒரே தட்டு, ஒரே நாற்காலி, அதே உருளைக்கிழங்கு...

ஆர்வில்: அவன் ஒழுங்கானவன்!

நோரீன்: அந்த வார்த்தை இருந்தாதான் உதவிக்கு ஓர் ஆள் கிடைப்பாங்க, ஐயா. நீங்க கையெழுத்தும் போடணும்.

ஆர்வில்: பார்க்கலாம்.

நோரீன்: இன்னொண்ணும் இருக்கு. பள்ளிக்கூடக் கூரை மேல இருக்கிற மணியோட நாக்கு மூணு வாரமாக் காணோமாம். மார்ட்டாதான் ஏறிக் கழட்டினான்னு ஊரே பேசுது. பெட்ரோல் போட வண்டியை நிறுத்தினேன், அங்கேயும் அதே பேச்சு.

ஆர்வில்: வெட்டிப் பசங்க!

நோரீன்: உண்மைன்னா நான் எழுதியாகணும். கூரை ஏறுற குழந்தையை, ஒரே ஆசிரியை இருக்கிற பள்ளிக்கூடத்துல வைக்க விடமாட்டாங்க. டவுன் பள்ளிக்கு மாத்திடுவாங்க.

ஆர்வில்: டவுனா? எழுபது மைலு! அந்த பஸ் இரைச்சல்ல... முடியாது.

நோரீன்: என் கையில இல்ல, ஐயா.

கார்லா: மணியை நிறுத்தலாமான்னு இலையுதிர்காலத்துலயே குழுவுல கேட்டேன். நீங்கதான் கூடாதுன்னு எந்திரிச்சு நின்னீங்க, ஆர்வில்.

ஆர்வில்: எங்க அப்பா கொடுத்த மணி அது. அதுல எங்க பேர் வார்த்திருக்கு. அறுபத்தொரு வருஷமா அடிக்குது.

கார்லா: 'நான் உயிரோட இருக்கிற வரைக்கும் அடிக்கும்'னீங்க. எல்லார் முன்னாடியும்.

ஆர்வில்: ஸ்டென்ருட் சொன்னா சொன்னதுதான்.

கார்லா: அடுத்த வாரமே மார்ட்டாவைக் கூட்டிட்டுப் போகச் சீக்கிரமா வந்தீங்க. மணி அடிச்சுது. அவ மேஜைக்கு அடியில போய்ட்டா. நீங்க தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல அரை மணி நேரம் நின்னீங்க.

நோரீன்: புது நாக்கு வாங்கலையா கார்லா?

கார்லா: புதுசு அனுப்பச் சொல்லி எழுத மறந்துட்டேன். மணிக்குப் பதிலா கொடி காட்டறேன், பசங்க பதினாலு பேரும் வந்துடறாங்க. மேஜைக்கு அடியில யாரும் போறதில்ல.

நோரீன்: மறந்துட்டீங்க? மூணு வாரமா?

கார்லா: நிறைய வேலை.

நோரீன்: சரி. ஐயா, நான் என்ன எழுதட்டும்? 'மாணவி கூரையில் ஏறியதாக...'

ஆர்வில்: அந்தப் பேனாவை இப்படிக் கொடுங்க. கையெழுத்து எங்க?

நோரீன்: கீழே. அந்த வார்த்தை...

ஆர்வில்: இருந்துட்டுப் போகட்டும்.

நோரீன்: அந்த மணி விஷயம்?

ஆர்வில்: அதையும் எழுதிக்குங்க. மார்ட்டா கூரை ஏறல. நான் ஏறினேன். இறங்கும்போது ஏணி வழுக்கிடுச்சு. நாக்கு என் வண்டி சீட்டுக்கு அடியில கிடக்கு. எந்தப் பசுவும் உதைக்கல.