நான்காவது இருபது

கோப்பைக்குப் பக்கத்தில் காவல் தெய்வமாய் அமர்ந்திருக்கும் தலைவர், ஆவடி தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் இந்த மைதானத்துக்கு ஓய்வு கொடுக்காத பெரியவர் இருதயராஜ் ஐயா அவர்களே! ஐயப்பன்தாங்கல் அடுக்ககங்களிலிருந்து ஆட வந்து, நான்கு இறுதி ஆட்டங்களில் எங்களை அழவைத்து அனுப்பிய எதிரணித் தலைவர் தம்பி விக்ரம் அவர்களே! பிள்ளைகள் வெயிலில் கறுத்தாலும் வெறுங்கையோடு வீடு திரும்பக் கூடாதென்று வேண்டிக்கொண்டு வந்திருக்கும் நசரத்பேட்டைத் தாய்மார்களே! நாற்காலி கிடைத்தவர்களே, நாற்காலி கிடைக்காமல் இருசக்கர வண்டியின் மேல் அமர்ந்திருப்பவர்களே, மதில் மேல் கால் தொங்கப் போட்டிருக்கும் மாவீரர்களே! அனைவருக்கும் என் அன்பு கலந்த, ஆனந்தம் கலந்த, கொஞ்சம் நடுக்கமும் கலந்த வணக்கம்!

நான் நாகேந்திரன். நசரத்பேட்டை அணியின் தலைவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் உதிரி பாகங்களை அளந்து பார்த்து, இது சரி, இது தவறு என்று பிரித்து வைப்பது என் பிழைப்பு. அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

வென்ற அணியின் தலைவன் கோப்பையைத் தொடுவதற்கு முன் ஆட்டத்திலிருந்து ஒரு சொல்லை எடுத்துப் பேச வேண்டும் என்பது நம் ஐயா வகுத்த வழக்கம். போன ஆண்டு விக்ரம் 'அவுட்' என்ற சொல்லைப் பற்றிப் பேசினார். என்னைப் பார்த்துக்கொண்டே பேசினார்! நான் பூஜ்யத்தில் வெளியேறியிருந்தேன். சிரிக்காதீர்கள், அம்மா. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை எனக்கு.

இந்த ஆண்டு நான் எடுத்த சொல், ஸ்கோர்! இரண்டு மாதமாக இதைத் தேடிப் படித்தேன். கோப்பை வருமா என்று தெரியாது. ஆனாலும் பேச்சைத் தயார் செய்தேன். என் ஆசையைப் பாருங்கள்!

ஸ்கோர் என்றால் என்ன? ஓட்டக் கணக்கு என்பீர்கள். இல்லை! முதலில் அது ஓர் எண். முழுமையான, முத்தான ஓர் எண். ஸ்கோர் என்றால் இருபது! என்ன, நம்ப முடியவில்லையா? வடகடல் தாண்டி வந்த மக்களின் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குள் நுழைந்த சொல் அது. அவர்கள் மொழியில் அதற்குப் பொருள் வெட்டு. குச்சியில் கத்தியால் போடுகிற கீறல். ஆடுகளை எண்ணுகிறான் ஒருவன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போகிறான். கைவிரல் பத்து முடிந்தது, கால்விரல் பத்தும் முடிந்தது. இனி எதை எண்ணுவான்? குச்சியை எடுத்தான், ஒரு கீறல் போட்டான். ஒரு கீறல், இருபது ஆடு. அந்தக் கீறலின் பெயரே இருபதின் பெயராகிவிட்டது என்று சொல்கிறார்கள்.

அறுபதுக்கு மூன்று ஸ்கோர் என்றார்கள். மனிதனின் ஆயுளை மூன்று ஸ்கோரும் பத்தும் என்றார்கள். நம் தலைவர் ஐயாவுக்கு இப்போது மூன்று ஸ்கோரும் ஒன்பதும். இன்னும் இரண்டு ஸ்கோர் அவர் இந்த நாற்காலியில் அமர வேண்டும்! கைதட்டுங்கள். ஐயாவுக்கு வெட்கம் வந்துவிட்டது.

அப்புறம் அந்தச் சொல் சும்மா இருந்ததா? இருபதை விட்டு இறங்கியது. எந்தக் கணக்குக்கும் ஸ்கோர் என்றார்கள். ஆட்டத்துக்கு வந்தது. இசைக்கலைஞன் சுரம் எழுதும் தாளுக்கு வந்தது. நம் பிள்ளைகளின் தேர்வுத்தாளுக்கு வந்தது. வங்கியில் கடன் கேட்டால் உன் ஸ்கோர் என்ன என்கிறான். கைக்கடிகாரம் நேற்று இரவு நான் தூங்கியதற்கு ஸ்கோர் போடுகிறது. நான் தூங்கியதற்கு! மேலாளர் முன்னால் எவனாவது நைசாகப் பேசினால், "மச்சான் ஸ்கோர் பண்றான்டா" என்கிறோம். விக்ரம், உங்கள் அலுவலகத்தில்தான் இது அதிகம் என்று கேள்வி. ஆட்டிடையன் குச்சியில் பிறந்த சொல் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்!

யாரது பின்னால்? "அண்ணாத்தே, பிரியாணி ஆறுது"வா? ஆறட்டும் நைனா. ஆறாத சமாச்சாரம் ஒன்று என் நெஞ்சில் இருக்கிறது. அதற்குத்தான் வருகிறேன்.

அந்தக் குச்சியில் இன்னொரு சூட்சுமம். கீறலைப் போட்டுவிட்டுக் குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஆட்டை ஒப்படைத்தவனிடம் ஒரு பாதி, ஏற்றுக்கொண்டவனிடம் மறு பாதி. சந்தேகம் வந்தால் இரண்டையும் சேர்த்து வைப்பார்கள். கீறலுக்குக் கீறல் பொருந்த வேண்டும். ஒருவன் களவாகக் கூட்டினால் மற்றவன் பாதி காட்டிக்கொடுக்கும். நம் மைதானத்திலும் அதுதானே வழக்கம்? ஒரே மேசை, ஒரே குடை, இரண்டு நோட்டு. எங்கள் பக்கம் ஜோசப்ராஜ் அண்ணன் மகள் பெனிஷா. அடுக்ககத்தின் பக்கம் தம்பி சுலைமான். ஒவ்வோர் ஓவரும் முடிந்ததும் ஒருவரை ஒருவர் கேட்பார்கள். "ஒத்துக்கினியா?" "ஒத்துக்கினேன்." அதற்குப் பிறகுதான் அடுத்த பந்து.

இன்றைய ஆட்டத்தில் பன்னிரண்டு ஓவரும் ஒத்துக்கொண்டார்கள். நாங்கள் முதலில் ஆடி எடுத்தது எண்பது. நான்கு ஸ்கோர்! நான்கு முழு இருபது! துரத்தி வந்த அடுக்ககத்துப் பிள்ளைகள் எழுபத்தொன்பதில் நின்றார்கள். ஒரே ஓர் ஓட்டம்! நான்கு ஆண்டு அழுகைக்கு ஒரே ஓர் ஓட்டத்தில் பதில்! என் பிள்ளைகள் என்னைத் தோளில் தூக்கினார்கள். என் எடைக்கு அது எளிதான வேலையா?

இந்த மேடையில் ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன்னால், பெனிஷா நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணா, இப்டி கொஞ்சம் வாங்களேன். ஸ்கோர்ல ஒண்ணு ஜாஸ்தி கீது."

"இன்னாம்மா சொல்ற? மேச்சு முடிஞ்சி கப்பு டேபிள் மேல கீது!"

அவள் சொன்னாள். தாய்மார்களே, நிதானமாகக் கேளுங்கள். மேற்கு மூலையில் கருவேலம் புதருக்குப் பின்னால் நம் பாஸ்கரன் அண்ணனின் தண்ணீர் லாரி நிற்கும். அந்த லாரியில் பந்து பட்டால் ஓடத் தேவையில்லை, இரண்டு ஓட்டம். இது நம் மைதானச் சட்டம். 'லாரி ரெண்டு' என்று உலகத்தில் வேறெந்தக் கிரிக்கெட்டிலும் கிடையாது. எங்கள் ஆட்டத்தின் பதினொன்றாவது ஓவரில் நான் அந்த மூலைக்கு ஒன்று அடித்தேன். பந்து புதரைத் தாண்டிப் போனது. ஓர் ஓட்டம் ஓடி முடித்தேன். இரண்டாவதுக்குக் காலெடுத்து வைத்தேன். "லாரி ரெண்டு!" என்று மைதானமே கத்தியது. நான் நின்றுவிட்டேன். பந்து பொறுக்கப் போனவன் முள்ளுக்குப் பயந்து குனிந்த தலை நிமிராமல் அதை எடுத்துக்கொண்டு ஆடி அசைந்து வந்தான். நடுவர் இரண்டு விரல் காட்டினார். பெனிஷா இரண்டு போட்டாள், சுலைமானும் இரண்டு போட்டான். ஒத்துக்கினியா, ஒத்துக்கினேன்!

ஆட்டத்தின் நடுவில் பூந்தமல்லிக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த பாஸ்கரன் அண்ணன், ஆட்டம் முடிந்த பிறகுதான் திரும்பி வந்தார். வந்த கையோடு பெனிஷாவிடம் ஆவலாகக் கேட்டிருக்கிறார்.

"நம்ம பசங்க பேட்டிங்ல, ஒன்பதாவது ஓவர்ல கெளம்பினேம்மா. அப்பால இன்னா ஆச்சு? பாலு பாலா படி."

அவளும் படித்திருக்கிறாள். பத்தாவது ஓவர் முடிந்தது. பதினொன்று, மூன்றாவது பந்து, நாகேந்திரன் அண்ணன், லாரி ரெண்டு.

"எந்த லாரி?" என்றாராம் அவர். "லாரி எங்கூட தண்ணி புடிச்சிகினு இருந்துச்சேம்மா!"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! இல்லாத லாரியில் இரண்டு ஓட்டம் எடுத்த ஒரே வீரன் இந்த நாகேந்திரன்தான்! டங் என்று ஒரு சத்தம் கேட்டதா நமக்கு? யாருக்காவது கேட்டதா? கேட்டதாக நினைத்துக்கொண்டோம். ஆண்டுக்கணக்காக அங்கே நின்ற லாரி இன்றைக்கும் நிற்கும் என்று நம்பிவிட்டோம். இருநூறு பேர் நம்பினோம். இரண்டு பாதிக் குச்சியும் கச்சிதமாகப் பொருந்தின. இரண்டிலுமே கீறல் தவறு!

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பெண் மேல் வந்தது.

"பாஸ்கரன் அண்ணன் யார்கிட்டனா சொன்னாரா?"

"சொல்ல மாட்டேன்னாரு அண்ணா. 'நம்ம புள்ளைங்க ஜெயிச்சி கீது, நான் வாயத் தொறக்க மாட்டேன்'னாரு."

"அப்பறம் உனக்கின்னா? நோட்ட மூடிகினு போம்மா!"

கத்திவிட்டேன். நான்கு ஆண்டு கழித்து வந்த கோப்பை, தாய்மார்களே! என் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் மினுமினுக்கிறது. விடுவேனா? அவள் அழவில்லை. நோட்டை மூடவும் இல்லை. என் முன்னால் பேனாவை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"மூடிடறேன் அண்ணா. ஆனா அடுத்த வருஷம் உங்களுக்கு நான் ஒரு ரன்னு கம்மியா போட்டா, நீங்க எந்த மூஞ்ச வெச்சிகினு என்னாண்ட சண்டைக்கு வருவீங்க?"

சுருக்கென்று தைத்தது. அம்பத்தூரில் நான் தினமும் என்ன செய்கிறேன்? ஒரு நூல் அளவு அதிகம் இருந்தாலும் தவறு என்று ஒதுக்கி வைக்கிறேன். இங்கே ஓர் ஓட்டம் அதிகம் இருக்கிறது, அது மட்டும் சரியாகிவிடுமா? எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. பெனிஷா, உன்னிடம் கத்தியதற்கு இத்தனை பேர் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன், அம்மா.

ஆகவே தலைவர் அவர்களே, நான் ஓடியது ஒன்று. எங்கள் ஸ்கோர் எண்பது அல்ல. மூன்று ஸ்கோரும் பத்தொன்பதும்! எங்கள் நான்காவது இருபது நிறையவில்லை. எழுபத்தொன்பதுக்கு எழுபத்தொன்பது. ஆட்டம் சமம்!

கத்தாதீர்கள், கத்தாதீர்கள்! ரெனிஷ், மைக்கை அணைக்காதே! நம் பந்துவீச்சாளனே மைக்கையும் பார்த்துக்கொண்டால் இதுதான் வினை. "அண்ணாத்தே, இன்னா பேசுற நீ, கப்பு போச்சே"யா? எங்கே போச்சு, கண்ணா? அதோ, அதே மேசை மேல்தானே இருக்கிறது? நம்மோடது இல்லை, அவர்களோடதும் இல்லை. அவ்வளவுதான்!

விக்ரம் எழுந்து நிற்கிறார். சத்தம் போடாதீர்கள், அவர் சொல்லட்டும். "லாரி ரெண்டுன்னு எங்க பசங்களும்தான் கத்தினாங்க அண்ணா, நீங்களே வெச்சிக்கோங்க" என்கிறார். கேட்டீர்களா? இப்படிப்பட்ட எதிரியிடம் இல்லாத லாரியைக் காட்டிக் கோப்பை வாங்கினால் அதில் வைத்துக் குடிக்கிற தண்ணீர் எனக்கு இறங்குமா? வேண்டாம் தம்பி. எங்களுக்கு இது வேண்டும், வெறித்தனமாக வேண்டும். ஆனால் ஓடி எடுக்க வேண்டும்!

ஐயா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். என்ன ஐயா? இருட்ட இன்னும் எவ்வளவு நேரம்? இருபது நிமிடமா? கேட்டீர்களா மக்களே! ஒரு ஸ்கோர் நிமிடம்! முழுசாக ஒரு கீறல் நேரம் நமக்கு மிச்சம் இருக்கிறது! ஆளுக்கு ஒரே ஓவர். அவர்கள் ஆறு பந்து, நாங்கள் ஆறு பந்து. ஐயா தலையாட்டிவிட்டார்! விக்ரம் மட்டையை எடுத்துவிட்டார்! பிரியாணி வாசனைக்கு யாரும் மயங்க வேண்டாம். சுசீலா அக்கா, அண்டாவை மூடி வையுங்கள்!

பாஸ்கரன் அண்ணே! லாரியை அங்கேயே நிறுத்துங்கள். உயிரே போனாலும் எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஹாரனை அழுத்திவிட்டு எடுங்கள். நடுவரே, டங் என்ற சத்தம் கேட்காமல் இனி இரண்டு விரல் எழக் கூடாது.

சுலைமான், பெனிஷா, குடையை விரியுங்கள், மேசையைப் போடுங்கள். முதலில் எண்பதாவது கோட்டை இரண்டு பேரும் அவரவர் நோட்டில் அடித்து நீக்குங்கள். அடித்தாயிற்றா? ஒத்துக்கினீங்களா?

ஒத்துக்கொண்டார்கள்!

பேச இடம் தந்த ஐயாவுக்கும், தோற்கிற அளவுக்குப் பெருந்தன்மை காட்டிய எதிரணிக்கும், கோப்பையைக் கையில் கொடுத்துப் பிடுங்கிக்கொண்டதற்காக இன்றிரவு என்னைத் திட்டப்போகும் என் பிள்ளைகளுக்கும், கூட்டம் கலையாமல் காத்திருந்த தாய்மார்களுக்கும் நெஞ்சம் நிறைந்த நன்றி. நான் போய்க் கால்காப்பு மாட்ட வேண்டும். எங்கள் ஓவரின் முதல் பந்தை நான்தான் எதிர்கொள்கிறேன், இந்த முறை இரண்டாவது ஓட்டத்தை முழுசாக ஓடுவேன். வணக்கம்!