மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டின பெஞ்சு

கத்தறேனா? நான் கத்தறேனா மேடம்? சரி, கதவைச் சாத்திட்டேன், போதுமா? ஆமா, வராண்டா பெஞ்சுல இருந்த ஸ்டிக்கரைக் கிழிச்சது நான்தான். மஞ்சளையும் கிழிச்சேன், வெள்ளையையும் கிழிச்சேன். நகம் பூரா பசை, பாருங்க. "ஆராய்ச்சியையே நாசம் பண்ணிட்டே"ங்கறீங்களே... எப்படி மேடம் நாசமாகும்? வைரஸ் என்ன, பெஞ்சு வழியா ஏறி சாம்பிள் டியூபுக்குள்ள போய் உக்காருதா? டியூபுல நம்பர் இருக்கு. ஃபைல்ல நம்பர் இருக்கு. எச்.ஐ.வி. யாருக்கு இருக்கு, யாருக்கு இல்லைன்னு உங்க கம்ப்யூட்டருக்குத் தெரியும். பெஞ்சுக்கு எதுக்குத் தெரியணும்?

இருங்க, முடிச்சுக்கறேன்... இல்ல, இப்பதான் ஆரம்பிக்கறேன்.

எச்.ஐ.வி. இருக்கிற பொம்பளைங்களுக்கும் இல்லாதவங்களுக்கும் இந்தப் பாப்பிலோமா வைரஸ் எப்படி வருது, எவ்வளவு நாள் தங்குது... அதானே நம்ம ஆராய்ச்சி? அது யாருக்கு வேணா வரும். உங்களுக்கே வந்துட்டுப் போயிருக்கலாம். முறைக்காதீங்க, கிளாஸ்ல நீங்க சொன்னதுதான்! நிறையப் பேருக்குத் தானாப் போயிடும். எச்.ஐ.வி. இருந்தா போக அடம்பிடிக்கும். போகாமத் தங்கினா, யாரா இருந்தாலும், கர்ப்பப்பை வாயில புற்றுநோய் வரைக்கும் கொண்டு விடலாம். கிளாஸ்ல இவ்வளவு அழகாச் சொல்லிட்டு வராண்டால என்ன பண்ணினோம்? "மஞ்சளெல்லாம் இந்தப் பக்கம்! வெள்ளையெல்லாம் அந்தப் பக்கம்!" நம்ம கவுண்டர் சிஸ்டர் குரலுக்கு பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும். மூணே நாள் மேடம். எக்ஸ்ரேக்கு வந்தவங்க, மருந்து வாங்க வந்தவங்க, லிஃப்ட் ரிப்பேருக்கு வந்தவர் வரைக்கும் மஞ்சள்னா எச்.ஐ.வி.ன்னு தெரிஞ்சுபோச்சு. ரகசியம் காப்போம்னு ஒரு படிவத்துல கையெழுத்து வாங்கினோமே... அதை ஃப்ரேம் போட்டு எங்க மாட்டலாம், சொல்லுங்க?

தையல்காரம்மாவைத் தெரியுமா உங்களுக்கு? தெரியாது. உங்களுக்கு அவங்க நாற்பத்தேழாம் நம்பர். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கறவங்க. அவங்களுக்கு எச்.ஐ.வி. கிடையாது. ஆனா அன்னைக்கு மஞ்சள் பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. எக்ஸ்ரேக்கு வந்த நாத்தனார் பார்த்துட்டாங்க. அவ்வளவுதான்! வீட்டுல தனித் தட்டு, தனி டம்ளர், தனி சோப்பு. தனி ரூம் மட்டும் இல்லையாம், பாவம், வீட்டுல இடம் பத்தலையாம்.

இப்ப அவங்க ரிசல்ட் வந்திருக்கு. பாப்பிலோமா இருக்கு, அதுலயும் ஆபத்தான வகை. புற்றுநோய்னு அர்த்தமில்ல, ஆனா சீக்கிரம் வந்து காட்டணும். நாலு தடவை போன் பண்ணிட்டேன். முதல் தடவை அவங்களே எடுத்தாங்க, வீட்டுல நடக்கறதையெல்லாம் சொன்னாங்க. "அந்த வராண்டாவுக்கு இனி வரமாட்டேம்மா"ன்னு அழுதுட்டு வெச்சுட்டாங்க. அப்புறம் மூணு தடவையும் நாத்தனார்தான். "எதுக்குக் கூப்பிடறீங்க? அந்த நோய்க்குத்தானே?"

நான் என்னத்தைச் சொல்ல? அண்ணி விஷயத்தை நாத்தனார்கிட்ட பேசறதே தப்பு, அது வேற. "இல்லைங்க, அவங்களுக்கு அது இல்லை"ன்னு சொல்லிட்டா, அதே பெஞ்சுல இருந்த மத்த பதினோரு பேருக்கும் இருக்குன்னு நானே தம்பட்டம் அடிச்ச மாதிரி. அதுல ரெண்டு பேர் அவங்க தெருதான்! சொல்லலைன்னா இவங்க வரமாட்டாங்க. நான் வாயை மூடி என்னைக்காவது பார்த்திருக்கீங்களா மேடம்? என் வாயையே மூட வெச்சிருச்சு அந்த ஸ்டிக்கர்!

என்னது? ...யாரு அங்க உக்கார வெச்சதுன்னா?

...நான்தான்.

அந்தப் பக்கம்தான் ஃபேன் ஓடுது. வேர்த்துக் கொட்டிக்கிட்டு வந்தாங்க. "அங்க உக்காருங்கக்கா, காத்து வரும்"னேன். சரி, முழுசாவே கேட்டுக்கோங்க... ஸ்டிக்கர் யோசனையும் என்னோடதுதான். ரெண்டு நாள் ஃபைல் கலந்துபோச்சு. உக்காந்து பிரிக்கச் சோம்பேறித்தனம். கடைக்குப் போய் நானே கலர் பார்த்து வாங்கினேன். பெரிய மேதாவி! மறந்துட்டேன்னு நெனச்சீங்களா? ராத்திரி படுத்தா அந்த மஞ்சள்தான் கண்ணுல நிக்குது. ஆனா மேடம், எல்லார் முன்னாடியும் "பிரமாதம்"னு கை தட்டினது நீங்க. அந்தக் கைத்தட்டல் மட்டும் எந்த ஃபைல்லயும் ஏறாதா?

எங்க போறீங்க? அது ஸ்டோர் ரூம் கதவு. வழி இந்தப் பக்கம்.

நாத்தனார் வந்திருக்காங்க மேடம். இப்ப, இந்த நிமிஷம், கவுண்டர்ல நிக்கறாங்க. முப்பது பேர் நடுவுல, "அது என்ன பெஞ்சு? எங்க அண்ணியை எதுக்கு அங்க உக்கார வெச்சீங்க?"ன்னு கேக்கறாங்க. பஸ் ஸ்டாண்டையே திரும்ப வைக்கற சிஸ்டர், ரிஜிஸ்டருக்குள்ள முகத்தைப் புதைச்சுக்கிட்டாங்க. கூடவே வந்த தையல்காரம்மா கேட்டுக்கு வெளிய, முகத்தை மூடிக்கிட்டு நிக்கறாங்க. உள்ள வரலாமா, அப்படியே திரும்பிப் போயிடலாமான்னு.

யார் கதையையும் நீங்க சொல்ல வேணாம். "யாரு எந்த பெஞ்சுல உக்காந்தாங்கங்கறதை வெச்சு யாரைப் பத்தியும் எதுவும் சொல்ல முடியாது. கண்டபடி உக்கார வெச்சது நாங்க. தப்பு எங்களோடது. இங்க நாங்க தேடறது எந்தப் பொம்பளைக்கும் வரக்கூடிய வைரஸ்." இவ்வளவுதான். பொய்யும் இல்ல மேடம், ஃபேன் காத்துக்காக ஒருத்தரை அங்க மாத்தி உக்கார வெச்சேனே, நான் பண்ணின அந்தக் கூத்துல அது நிஜமாயிடுச்சு! நானே சொல்லிடுவேன். ஆனா "சின்னப் பொண்ணு, உளறுது"ம்பாங்க. நீங்க சொல்லணும். என்னைக் காலேஜை விட்டு அனுப்பறதா இருந்தா சாயங்காலம் அனுப்புங்க.

வாங்க, கதவைத் திறக்கறேன். அந்தம்மா கேட்ட கேள்விக்கு எல்லார் முன்னாடியும் பதில் சொல்லுங்க. கேட்டுக்கு வெளிய நிக்கறவங்களுக்குக் கேக்கற மாதிரி சொல்லுங்க!